பழைய யூனிக்ஸ் கணிப்பொறியும் வலையின் வழியறிவும்

முன்னுரை

ஆண்டிமடத்திற்கு வரும் கடிதங்களின் மேலுறைகளை ஒருவர் தொடர்ந்து சேர்த்து வைத்திருந்தால், அவ்வுறைகளே ஒரு வரலாற்று ஏடாக விளங்கும். 1995ஆம் ஆண்டுக்கு முற்பட்ட உறைகளில் திருச்சிராப்பள்ளி மாவட்டம் என்றிருக்கும். அவ்வாண்டில் புதிய மாவட்டம் பிறந்தபின் பெரம்பலூர் மாவட்டம் என்று மாறியிருக்கும். 2001இல் அரியலூர் மாவட்டம் என்றும், 2002இல் மீண்டும் பெரம்பலூர் மாவட்டம் என்றும், 2007 நவம்பருக்குப் பின் மறுபடியும் அரியலூர் மாவட்டம் என்றும் எழுதப்பட்டிருக்கும். ஊர் ஓரடியும் நகரவில்லை. ஊரைச் சுற்றிய எல்லைக்கோடுகள்தாம் நகர்ந்தன. 621801 என்னும் அஞ்சல் குறியீட்டெண் மட்டும் மாறாமல் நின்றது.

பழைய மாவட்டப் பெயரை எழுதிய கடிதங்களும் அந்நாளில் உரியவரிடம் சேர்ந்தன. காரணம், குறியீட்டெண்ணும், ஊரறிந்த அஞ்சற்காரரின் பெருந்தன்மையும் ஆகும். எழுதியவரின் பிழையை அவர் தம் அறிவால் ஈடுசெய்தார். ஆனால் அந்த அஞ்சற்காரர் ஓய்வு பெற்று, உறையில் உள்ளதை மட்டுமே நம்பும் புதியவர் ஒருவர் வந்துவிட்டால், அதே பிழை அன்றுதான் புதிதாகத் தோன்றியதுபோல் வெளிப்படும்.

வலைப்பின்னலில் இணைந்த பழைய கணிப்பொறிகளின் கதையும் இதுவே. ஒரு கணிப்பொறி திடீரென்று பிறவற்றோடு பேச மறுக்கும்போது, 'பழைய பொறிதானே, தூக்கி எறிந்துவிடலாம்' என்று முடிவு கட்டுவோர் உளர். பொறியில் பழுதே இல்லாமல், அதனுள் எழுதப்பட்ட ஓரெண் மட்டுமே பிழையாக இருத்தல் கூடும். அவ்வெண்ணைக் கண்டறியும் முறையை மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும் விளங்கும் வண்ணம் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழியை எழுதிய காலமும் முகவரியை எழுதிய காலமும்

வழியறிவு என்பது மனித குலத்தின் பழைய அறிவுகளுள் ஒன்று. அப்பாசியர் ஆட்சிக் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், 'பரீத்' எனப்பட்ட அஞ்சல் துறையில் பொறுப்பு வகித்த இப்னு குர்தாத்பிஹ் என்னும் அறிஞர் 'கிதாபுல் மஸாலிக் வல் மமாலிக்' என்றொரு நூலை யாத்தார். 'வழிகளும் நாடுகளும் பற்றிய நூல்' என்பது அப்பெயரின் பொருள். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எவ்வழியே செல்வது, இடையில் உள்ள தொலைவு எவ்வளவு என்பனவற்றை அந்நூல் நிரல்படத் தருகிறது. கணிப்பொறியின் நினைவில் உள்ள வழிப்பட்டியல் செய்யும் பணியும் இதுவேயாகும்.

இந்தியாவில் கணிப்பொறிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிய வரலாற்றில் எர்நெட் என்னும் கல்வி ஆராய்ச்சி வலைக்குத் தனியிடம் உண்டு. மத்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் 1986இல் இதனைத் தொடங்கியது. சென்னை, மும்பை, டெல்லி, கான்பூர், காரக்பூர் ஆகிய ஐந்து இடங்களில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும், மும்பையில் இயங்கிய தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும், மின்னணுவியல் துறையுமாக எட்டு நிறுவனங்கள் இதில் பங்கு கொண்டன. மும்பை மையத்தை வழிநடத்திய டாக்டர் சீனிவாசன் இரமணி, 2014இல் உலக இணையப் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார் என்பது தமிழர்க்குப் பெருமை தரும் செய்தியாகும்.

அவ்வலையின் தொடக்க நாட்களில், தொலைபேசிக் கம்பி வழியே ஒரு யூனிக்ஸ் பொறி மற்றொன்றை அழைத்துக் கடிதக் கட்டுகளை ஒப்படைக்கும் முறையே வழக்கில் இருந்தது. யூயூசிபி என்பது அதன் பெயர். அம்முறையில் அனுப்புவோரே வழி முழுவதையும் எழுத வேண்டியிருந்தது. இன்ன பொறிக்குக் கொடு, அது இன்ன பொறிக்குக் கொடுக்கட்டும், அங்கிருந்து இன்னாரிடம் சேரட்டும் என்று ஒவ்வொரு பொறியின் பெயருக்கும் நடுவே வியப்புக்குறி இட்டு எழுதுவர். நம் சிற்றூர் முகவரிகளில் 'ஜெயங்கொண்டம் வழி' என்று எழுதுவதை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பின்னர் டிசிபி/ஐபி என்னும் நெறிமுறை பரவியது. அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் 1983 சனவரி முதல் நாளில் இந்நெறிக்கு மாறிற்று. அதே ஆண்டில் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி என்னும் யூனிக்ஸ் பதிப்பு இந்நெறியைத் தன்னுள் கொண்டிருந்தது. அதனால் யூனிக்ஸ் சென்ற இடமெல்லாம் இந்நெறியும் சென்றது. இந்தியாவில் 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் திறந்துவிட்டபோது இதுவே உலக வழக்காகியிருந்தது. இந்நெறியில் அனுப்புவோர் வழியை எழுத வேண்டியதில்லை. சேருமிடத்தின் முகவரியை எழுதினால் போதும். வழியைத் தேர்ந்து செலுத்துவது இடையில் உள்ள பொறிகளின் கடமையாகும். அனுப்புவோருக்குச் சுமை குறைந்தது உண்மையே. ஆயினும் ஒவ்வொரு பொறியும் தன்னிடம் உள்ள முகவரியையும் வழிப்பட்டியலையும் பிழையின்றி வைத்திருக்க வேண்டிய பொறுப்பு அன்று முதல் பன்மடங்கு கூடியது.

பொறி அறிய வேண்டிய மூன்று

வலையில் உள்ள ஒரு கணிப்பொறி மூன்று செய்திகளை மட்டும் அறிந்திருந்தால் போதும். நான் யார் என்பது முதலாவது. என் தெருவின் எல்லை எதுவரை என்பது இரண்டாவது. என் தெருவில் இல்லாதவர்க்கு உரியதை யாரிடம் ஒப்படைப்பது என்பது மூன்றாவது.

நான் யார் என்பதற்கு விடை ஐபி முகவரி. இது 0 முதல் 255 வரையிலான நான்கு எண்களைப் புள்ளியிட்டு எழுதுவதாகும். 172.16.5.20 என்பது ஓர் எடுத்துக்காட்டு.

எல்லை எதுவரை என்பதற்கு விடை நெட்மாஸ்க் எனப்படும் மறைப்பெண். முகவரியின் எப்பகுதி தெருவைக் குறிக்கிறது, எப்பகுதி வீட்டைக் குறிக்கிறது என்பதை இது காட்டுகிறது. 255 என்று உள்ள இடம் தெருவின் பெயர். 0 என்று உள்ள இடம் வீட்டு எண். அஞ்சல் குறியீட்டெண்ணோடு இதனை ஒப்பிடலாம். 1972 ஆகஸ்டு 15இல் நடைமுறைக்கு வந்த அக்குறியீட்டில், 621801 என்பதன் முதல் இலக்கமாகிய 6 தென்னாட்டு மண்டலத்தையும், அடுத்தடுத்த இலக்கங்கள் சிறிய வட்டாரங்களையும், இறுதி மூன்று இலக்கங்கள் அஞ்சலகத்தையும் சுட்டும். தொலைவில் இருப்பவர் முதல் இலக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். அருகில் இருப்பவர் ஆறு இலக்கங்களையும் பார்க்க வேண்டும்.

யாரிடம் ஒப்படைப்பது என்பதற்கு விடை வழிப்பட்டியல். ஆண்டிமடத்துப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். விருத்தாசலம் செல்வதற்கு வடக்கே போகும் வண்டி என்பது அவருக்குத் தெரியும். கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி ஆகிய ஊர்களுக்கெல்லாம் தனித்தனி வழி அறியாவிடினும், 'மற்றவை எல்லாம் ஜெயங்கொண்டம் போய்க் கேட்டுக்கொள்க' என்ற ஒரே விதி போதுமானது. வலையில் இவ்விதிக்கு டிஃபால்ட் ரூட் என்று பெயர். ஜெயங்கொண்டத்தின் இடத்தில் நிற்கும் ரூட்டர் என்னும் வழிகாட்டிப் பொறிக்கு கேட்வே, அதாவது வாயில், என்று பெயர்.

எட்டாத அண்டை வீடு

விளக்கத்தின் பொருட்டு ஒரு கல்லூரியைக் கற்பனை செய்துகொள்வோம். அது ஆண்டிமடத்தை ஒட்டிய பகுதியில் இருப்பதாகக் கொள்க. அலுவலகத்தில் சோலாரிஸ் என்னும் யூனிக்ஸ் வகை இயங்கும் பழைய சன் கணிப்பொறி ஒன்று உள்ளது. கல்லூரி நூலகத்து அரபுத்தமிழ் நூல்களின் விளக்கப்பட்டியல் முழுவதும் அதில்தான் பதியப்பட்டிருக்கிறது. முதிய பேராசிரியர் ஒருவர் பல்லாண்டுகள் உழைத்துத் தொகுத்த பட்டியல் அது. வேறு படி இல்லை.

அப்பொறியின் முகவரி 172.16.5.20. நூலகக் கட்டடத்துக் கணிப்பொறிகளின் முகவரிகள் 172.16.6 என்று தொடங்குகின்றன. இரு கட்டடங்களுக்கும் இடையே 172.16.5.1 என்ற முகவரி கொண்ட ரூட்டர் நிற்கிறது. ஒருநாள் அந்த ரூட்டர் பழுதுபட, புதியதொன்று வைக்கப்படுகிறது. மறுநாள் முதல் நூலகத்திலிருந்து பட்டியலைத் திறக்க இயலவில்லை. அலுவலகத்திற்குள் உள்ள பொறிகளுக்கு அது திறக்கிறது. வியப்பு என்னவெனில், அப்பொறியிலிருந்து சென்னைக்கு அனுப்பும் சோதனைச் செய்தியும் தவறாமல் சென்று திரும்புகிறது. நூறு கஜத் தொலைவில் உள்ள நூலகம் மட்டும் எட்டவில்லை. புதிய ரூட்டரில் பிற பொறிகள் அனைத்தும் செம்மையாக இயங்குவதால், 'பழைய பொறி செத்துவிட்டது' என்ற தீர்ப்பு எழுதப்படுகிறது.

இத்தீர்ப்பு சரியானதா? திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில், நோய் இன்னதென்றும் அதன் முதற்காரணம் இன்னதென்றும் ஆராய்ந்த பின்னரே தணிக்கும் வழியை நாடுமாறு அறிவுறுத்துகிறார். அம்முறையில் நாமும் செல்வோம்.

ஆய்வின் படிகள்

முதற்படி, எதையும் மாற்றுவதற்கு முன் உள்ளதை உள்ளவாறு தாளில் எழுதிக்கொள்ளல். பழைய பொறியில் திரையைக் காகிதத்தில் குறிப்பது நாணத்தக்க செயலன்று. திரும்பிச் செல்ல அதுவே பாலமாகும். மேலும், பொறியின் எதிரே நேராக அமர்ந்து பணிசெய்ய வேண்டும். தொலைவிலிருந்து வலை வழியாகப் புகுந்து அதன் முகவரியை மாற்றுவது, அமர்ந்த கிளையை வெட்டுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாம் படி, பொறி தன்னோடு தானே பேசுகிறதா என்று பார்த்தல். இதற்குப் பயன்படுவது பிங் என்னும் கட்டளை. மைக் மூஸ் என்னும் அமெரிக்க நிரலாளர் 1983இல் இதனை எழுதினார். கடலடியில் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்கும் சோனார் கருவியின் ஓசையே இதன் பெயராயிற்று. 127.0.0.1 என்பது ஒவ்வொரு பொறியும் தன்னையே குறித்துக்கொள்ளும் முகவரி. அதற்குப் பிங் செய்தால் விடை வர வேண்டும். பழைய சோலாரிஸ் பொறி, 'உயிருடன் உள்ளது' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரையே விடையாகத் தரும். நம் எடுத்துக்காட்டில் விடை வருகிறது. ஆகவே பொறி சாகவில்லை. உள்ளே நெறிமுறை மென்பொருள் நலமாக உள்ளது.

மூன்றாம் படி, இஃப்கான்ஃபிக் என்னும் கட்டளையால் முகவரியையும் மறைப்பெண்ணையும் காணல். இணைப்பு 'அப்' என்றும் 'ரன்னிங்' என்றும் காட்டப்பட வேண்டும். இவ்விடத்தில்தான் பழைய யூனிக்ஸ் புதியவரை மயக்குகிறது. அது மறைப்பெண்ணைப் புள்ளியிட்ட நான்கு எண்களாகக் காட்டாது. பதினாறன் அடிமான எண்முறையில் எட்டு எழுத்துகளாகக் காட்டும். அம்முறையில் இரண்டு எஃப் எழுத்துகள் சேர்ந்தால் 255 ஆகும். 255.255.255.0 என்று இருக்க வேண்டுமாயின், ஆறு எஃப் எழுத்துகளும் அவற்றையடுத்து இரண்டு சுழியங்களும் தெரிய வேண்டும். நம் பொறியின் திரையிலோ நான்கு எஃப் எழுத்துகளும் நான்கு சுழியங்களுமே தெரிகின்றன. அதாவது மறைப்பெண் 255.255.0.0 ஆகும். நோயின் முதல் அடையாளம் இதோ கிடைத்துவிட்டது.

இதன் விளைவை எண்ணிப் பார்ப்போம். சரியான மறைப்பெண்ணாயின், பொறி தன் தெரு 172.16.5 என்று அறியும்; நூலகத்தின் 172.16.6 வேறு தெரு என்று கண்டு, விடையை ரூட்டரிடம் ஒப்படைக்கும். இப்போதோ தன் தெரு 172.16 என்பதோடு முடிகிறது என்று கருதுகிறது. ஆகவே நூலகப் பொறியும் தன் தெருவிலேயே இருப்பதாக எண்ணி, ரூட்டரை நாடாமல், தன் கம்பியிலேயே கூவி அழைக்கிறது. அழைக்கப்பட்டவர் அடுத்த தெருவில் இருப்பதால் குரல் எட்டுவதில்லை. சென்னையின் முகவரி வேறெண்ணில் தொடங்குவதால், அது அயலூர் என்பதில் ஐயமில்லாமல் ரூட்டரிடம் தந்துவிடுகிறது. தொலைவு எட்டியதற்கும் அண்மை எட்டாததற்கும் இதுவே காரணம்.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. நூலகத்திலிருந்து புறப்பட்ட வினா பழைய பொறியை வந்தடைந்தது, விடைதான் திரும்பவில்லை. போகும் வழி வேறு, மீளும் வழி வேறு. செய்தி சென்றடைந்தது என்பதால் மறுமொழி வரும் என்று கொள்ளல் ஆகாது. இரு முனைகளின் வழியறிவும் செம்மையாக இருந்தாலன்றி உரையாடல் நிகழாது.

நான்காம் படி, ஆர்ப் என்னும் கட்டளையால் அண்டை வீட்டார் பட்டியலைக் காணல். ஐபி முகவரிக்கு உரிய வலையட்டையின் பிறப்பெண் எது என்று கேட்டறிந்து பொறி எழுதிவைக்கும் பட்டியல் இது. நூலக முகவரிக்கு எதிரே எண் நிரம்பாமல் இருப்பதைக் காணும்போது நம் கணிப்பு உறுதிப்படுகிறது. ஒரே ஐபி முகவரியை இரு பொறிகள் தவறுதலாக வைத்திருந்தால், அதுவும் இப்பட்டியலில் பிறப்பெண் மாறி மாறித் தோன்றுவதால் புலப்படும்.

ஐந்தாம் படி, நெட்ஸ்டாட் கட்டளையால் வழிப்பட்டியலைக் காணல். இக்கட்டளையை 'ஆர்' என்னும் குறியோடு 'என்' என்னும் குறியையும் சேர்த்தே இட வேண்டும். இல்லையேல் பொறி ஒவ்வொரு முகவரிக்கும் பெயர் தேடத் தொடங்கும். வலையே பழுதுற்றிருக்கும்போது பெயர் சொல்வார் இன்மையால் திரை நெடுநேரம் உறைந்து நிற்கும். பட்டியலில் டிஃபால்ட் என்ற வரி ஒன்று இருக்க வேண்டும். அதன் வாயில் நம் தெருவிலேயே உள்ள முகவரியாக இருக்க வேண்டும். தெருவில் இல்லாத வாயிலுக்கு எவ்வாறு நடந்து செல்வது?

இங்கு ஓர் எச்சரிக்கை. பழைய யூனிக்ஸ் பொறிகள் பலவற்றில் ரூட்டட் என்னும் பின்னணி நிரல் தானே இயங்கிக்கொண்டிருக்கும். அது அண்டைப் பொறிகள் 30 நொடிக்கு ஒருமுறை கூறும் வழிச்செய்திகளைக் கேட்டுப் பட்டியலைத் திருத்தும். தவறான வழியொன்றை நாம் நீக்கிய சிறிது நேரத்தில் அது மீண்டும் முளைத்தால், சொன்னதைக் கேட்டு எழுதும் இந்நிரலையே முதலில் ஐயுற வேண்டும். வாயில் ஒன்றே உள்ள சிறிய வலைக்கு அந்நிரல் தேவையில்லை.

ஆறாம் படி, அருகிலிருந்து தொலைவுக்குச் செல்லல். அண்டைப் பொறி, வாயில், வாயிலுக்கு அப்பால் உள்ள பொறி என்று இவ்வரிசையில் பிங் செய்ய வேண்டும். எந்த இடத்தில் விடை நின்றதோ, பழுது அவ்விடத்திலோ அதற்குச் சற்று முன்னரோ உள்ளது. இடைப்பட்ட ரூட்டர்கள் எவையெனக் காண டிரேஸ்ரூட் உதவும். வான் ஜேக்கப்சன் என்பார் ஆக்கிய இந்நிரலின் உத்தி நயமானது. ஒவ்வொரு தகவற்பொதியிலும் அது எத்தனை ரூட்டர்களைக் கடக்கலாம் என்ற எண் உண்டு. டிரேஸ்ரூட் முதலில் 1 என்று இட்டு அனுப்பும். முதல் ரூட்டர் அதனை வீழ்த்தித் தன் முகவரியுடன் செய்தி அனுப்பும். பின் 2, பின் 3 என்று கூட்டிச் செல்ல, வழியில் உள்ளோர் ஒவ்வொருவராகத் தம்மை அறிவித்துக்கொள்வர்.

ஏழாம் படியிலேயே பெயர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். எண்ணால் அழைத்தால் விடை வந்து, பெயரால் அழைத்தால் வாராவிடின், பழுது வழியில் இல்லை. பெயருக்கு எண் கூறும் ஏட்டில் உள்ளது. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு நாட்களை வீணாக்குவோர் பலர்.

பிழை பிறந்த கதை

அம்மறைப்பெண் எவ்வாறு பிழையாயிற்று? தொடக்கத்தில் ஐபி முகவரிகள் வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. முதல் எண் 1 முதல் 126 வரை இருந்தால் ஏ வகுப்பு. 128 முதல் 191 வரை பி வகுப்பு. 192 முதல் 223 வரை சி வகுப்பு. வகுப்பைக் கொண்டே எல்லை தானாக அறியப்பட்டது. 172 என்று தொடங்குவது பி வகுப்பு ஆதலின் அதன் மறைப்பெண் 255.255.0.0. பின்னர் 1985இல் ஒரு வலையை உட்பிரிவுகளாகப் பகுக்கும் முறை வகுக்கப்பட்டது. 1993இல் வகுப்பு முறையே கைவிடப்பட்டது. ஆனால் பழைய யூனிக்ஸ், மறைப்பெண்ணை நாம் சொல்லாவிட்டால், பழைய வகுப்பு விதியையே எடுத்துக்கொள்ளும். நம் கல்லூரியில் ஒன்றாக இருந்த வலை பிற்காலத்தில் இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது, இப்பொறிக்கு எவரும் செய்தி சொல்லவில்லை. மாவட்டம் பிரிந்ததை அறியாத முதியவரைப்போல அது பழைய எல்லையையே நம்பியிருந்தது.

அவ்வாறாயின் இத்தனை ஆண்டுகள் எவ்வாறு இயங்கியது? முன்னுரையில் கண்ட அஞ்சற்காரரை இங்கு நினைவு கூர்க. பழைய ரூட்டரில் பிராக்ஸி ஆர்ப் என்றொரு வசதி இயங்கிக்கொண்டிருந்தது. பொறி தன் தெருவில் நூலகத்தைக் கூவி அழைத்தபோதெல்லாம், அந்த ரூட்டர் நூலகத்தின் சார்பில் 'இதோ இருக்கிறேன்' என்று விடை கூறி, பொதியை வாங்கி, உரிய இடத்தில் சேர்த்தது. பிறர் பெருந்தன்மையால் பிழை மறைந்திருந்தது. புதிய ரூட்டரில் அவ்வசதி அணைக்கப்பட்டிருந்தமையால் மறைந்தது வெளிப்பட்டது. ஆகவே 'நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது' என்னும் வாதம், இன்று புகுந்ததே பிழை என்பதற்குச் சான்றாகாது. அடுத்தவர் மறைத்து உதவிய நம் குறையை நாமே தேடி அறிந்து திருத்திக்கொள்வதே முறையாகும். நாள்தோறும் தன்னைத் தானே கணக்குக் கேட்டுக்கொள்ளும் 'முஹாசபா' என்னும் தன்னாய்வை நம் மார்க்கப் பெரியோர் வலியுறுத்தியதும் இக்கருத்தினாலன்றோ!

இனிப் பழுது நீக்கல். இஃப்கான்ஃபிக் கட்டளையால் சரியான மறைப்பெண்ணை இட்டவுடன் நூலகம் எட்டிவிடும். ஆனால் இம்மாற்றம் பொறியை அணைத்து எழுப்பினால் அழிந்துபோகும். நிலைக்கச் செய்ய, சோலாரிஸ் பொறியாயின் 'ஈடிசி' அடைவில் உள்ள நெட்மாஸ்க்ஸ் என்னும் கோப்பில் வலையெண்ணையும் மறைப்பெண்ணையும் ஒரே வரியில் எழுத வேண்டும். வாயிலின் முகவரி அதே அடைவில் டிஃபால்ட்ரூட்டர் என்னும் கோப்பில் இருக்க வேண்டும். பெர்க்லி வழிவந்த பிற பழைய யூனிக்ஸ்களில் இவை தொடக்க ஆணைக்கோப்பில் எழுதப்பட்டிருக்கும். எழுதிய பின் ஒருமுறை அணைத்து எழுப்பிச் சோதித்தலே பணியின் நிறைவு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுக. மூன்றை ஒருங்கே மாற்றியவர் எது நோய் தீர்த்தது என்று அறியார்.

மறைப்பெண்ணைத் திருத்தும்போது அனைவரையும் ஒருங்கே அழைக்கும் பிராட்காஸ்ட் முகவரியையும் உடன் நோக்குதல் வேண்டும். 4.2 பிஎஸ்டி வழிவந்த பொறிகள் அம்முகவரியின் இறுதிப் பகுதியைச் சுழியமாகக் கொண்டன. பிற்கால வழக்கு 255 என்று கொண்டது. இருவகைப் பொறிகளும் ஒரே கம்பியில் கூடியபோது, ஒன்றன் பொது அழைப்பை மற்றொன்று தனிக்கடிதம் என்று மயங்கி முன்செலுத்த முயன்று, கம்பி முழுவதும் இரைச்சலால் நிரம்பியது உண்டு. அந்நாளைய வல்லுநர் இதனைப் பிராட்காஸ்ட் புயல் என்றனர்.

பெரியோருக்கும் நேரும் பிழை

வழிப்பட்டியலின் பிழை சிறிய கல்லூரிக்கு மட்டும் உரியதன்று. 2021 அக்டோபர் 4ஆம் நாள் இந்திய நேரப்படி இரவு 9 மணியளவில் முகநூலும் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் உலகெங்கும் ஒருசேர நின்றன. பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை அந்நிறுவனத்தின் உள் இணைப்புகளைத் துண்டித்தது; அதனைத் தொடர்ந்து, 'எம்மை அடைய இவ்வழியே வருக' என்று உலக ரூட்டர்களுக்கு அது கூறிவந்த அறிவிப்பும் விலகிப்போயிற்று. பொறிகள் உயிருடன் இருந்தன. அவற்றை அடையும் வழியைத்தான் உலகம் மறந்தது. பழுது நீக்க வேண்டியவர்களும் அதே வலையை நம்பியிருந்தமையால், தொலைவிலிருந்து உள்ளே புக இயலாமல், நேரில் சென்று சரிசெய்ய வேண்டியதாயிற்று. மீள ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆனது. வளைகுடா நாடுகளில் உழைக்கும் மைந்தரின் குரலை இரவுதோறும் வாட்ஸ்அப்பில் கேட்டுவந்த பெற்றோர்க்கு, அவ்விரவு வழிப்பட்டியலின் அருமையைச் சொல்லாமல் சொல்லியது.

முடிவுரை

நாம் கண்ட எடுத்துக்காட்டில் மாற்றப்பட்டது ஓரெண். 0 என்றிருந்தது 255 ஆயிற்று. அதனால் காக்கப்பட்டதோ ஓர் ஆசிரியரின் பல்லாண்டு உழைப்பு. ஆயினும் இணைப்புக் கிடைத்த அன்றே செய்ய வேண்டிய முதற்கடமை, அப்பட்டியலைப் புதிய பொறிகள் இரண்டிலேனும் படியெடுத்து வைப்பதாகும். பழைய யூனிக்ஸ் பொறியில் வழங்கும் டெல்நெட் போன்ற முறைகள் கடவுச்சொல்லை மறைக்காமல் திறந்த அஞ்சலட்டைபோல் அனுப்புவன. ஆதலின் அத்தகைய பொறியை வெளியுலக இணையத்தில் நேராக நிறுத்தாமல் உள்வலையிலேயே காத்தல் நன்று.

நம் கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் பள்ளிவாசல் நூலகங்களிலும் மூலையில் துணி போர்த்திய பழைய கணிப்பொறிகள் இருக்கலாம். அவற்றுள் வேறெங்கும் இல்லாத பதிவேடுகள் உறங்கக்கூடும். அவற்றை எடைக்குப் போடுமுன், ஆண்டிமடம் போன்ற ஊர்களிலிருந்து கணிப்பொறி பயிலச் செல்லும் நம் மாணவச் செல்வங்கள் ஒருநாள் அவற்றின் எதிரே அமர வேண்டும். நீ யார், உன் எல்லை எது, உன் வாயில் எங்கே என்னும் மூன்று வினாக்களைப் பொறுமையோடு கேட்க வேண்டும். விடைகளைத் தாளில் எழுதிக்கொண்டு, எந்த விடை இன்றைய நிலைக்குப் பொருந்தவில்லை என்று பார்க்க வேண்டும். முதியவரிடம் பேசத் தெரிந்த இளைஞருக்குப் பழைய யூனிக்ஸும் விடை சொல்லும்.

எல்லாப் புகழும் இறைவனுக்கே!